பாப்பாவுக்கு இருதய ஆபரேஷன், தைமஸை எடுப்பாங்களாம், அது என்ன வேலை செய்யுது?

சிப்புட்_சித்தி:

வணக்கம், நாங்க சுங்கை சிப்புட்ல இருக்கோம். எங்க அக்கா மகளுக்கு 8 மாசம், பொறந்ததுலேர்ந்தே இருதயத்துல கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபாலோனு எழுதியிருக்காங்க, அழுதா உதடும் நகமும் நீலம் பூத்துடும். சீக்கிரமே கேஎல்ல ஆபரேஷன். டாக்டர் சொன்னாரு, நெஞ்செலும்பைத் திறந்ததும் தைமஸ்தான் இருதயத்தை மூடிக்கிட்டு கெடக்கும், அதைக் கொஞ்சமோ முழுசாவோ எடுத்தாத்தான் கீழ வேலை பாக்க முடியும்னு. அக்கா சரின்னு பாரத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டா. நான் வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா, அங்கதான் எதிர்ப்பு சக்தி செல்லுங்க வளருதுன்னு போட்டிருக்கு, அதுலயே இன்னொரு பக்கத்துல அங்க வளர்றதுல 100க்கு 95க்கு மேல வெளிய வராமலே செத்துடும்னும் போட்டிருக்கு. இது ரெண்டும் எப்படிங்க சேரும்? இவ்ளோ செல்லை சாக விடுற உறுப்பு பிள்ளைக்கு வேணுமா வேணாமா, எடுத்துட்டா சாதா காய்ச்சலையாவது தாங்குவாளா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க, அக்காவுக்கு ராத்திரியில தூக்கமே இல்ல.

காப்பார்_குமார்:

பயப்படாதீங்கக்கா. வயசானா அது தானா சுருங்கி கொழுப்பாயிடும். எங்க மாமாவுக்கு மயஸ்தீனியா கிராவிஸ், கண் இமை தொங்கிப் போய் சாப்பாடு முழுங்க முடியாம கஷ்டப்பட்டாரு, தைமஸை எடுத்தாங்க, இப்ப நல்லா இருக்காரு. தேவையில்லாத சதைதான் அது.

லேப்_செல்வி:

குமார் தம்பி, சுருங்குறது உண்மை, மாமாவுக்கு எடுத்ததும் சரிதான், அந்த நோய்க்கு தைமஸை எடுத்தா பலன் இருக்குன்னு 2016லயே ஆய்வுல காட்டிட்டாங்க. ஆனா தேவையில்லாத சதைன்னு சொல்லாதீங்க. 2023ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியோட பழைய பதிவுகளை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, தைமஸை எடுத்த பெரியவங்கள்ல 5 வருஷத்துக்குள்ள இறந்தவங்க 8.1 விழுக்காடு, அதே மாதிரி நெஞ்சு ஆபரேஷன் செஞ்சும் தைமஸை எடுக்காதவங்கள்ல 2.8 விழுக்காடுதான், புற்றுநோய் வந்ததும் 7.4க்கு 3.7. பெரியவங்களுக்கே இப்படின்னா சின்னப் பிள்ளைக்கு அதை லேசா நினைக்கக் கூடாது, ஏன்னா உடம்பு எடைக்குப் பாத்தா கைக்குழந்தைக்குத்தான் அது ஆகப் பெருசு.

இப்ப அக்கா கேட்டதுக்கு வர்றேன். எலும்பு மஜ்ஜையிலேர்ந்து செல்லுங்க ரத்தம் வழியா தைமஸுக்கு வந்து சேருது, வர்றப்போ அது இன்னும் டி செல் (நீங்க படிச்ச அந்த எதிர்ப்பு சக்தி செல்லு) கிடையாது, வேற வகை செல்லாவும் ஆகலாம். தைமஸோட சொந்த செல்லுங்க மேல டிஎல்எல்4னு ஒரு புரதம் இருக்கு, அது வந்த செல்லுல இருக்கிற நாட்ச்ங்கிற ஏற்பியில, அதாவது சைகை வாங்குற புரதத்துல, ஒட்டினாத்தான் டி செல் ஆகுற பாதைக்கே திரும்பும். அப்புறம் ராக்1, ராக்2ன்னு ரெண்டு புரதம் சேர்ந்து, கிருமியை அடையாளம் காணுற ஏற்பிக்கான ஜீனையே அந்த செல்லுக்குள்ள வெட்டி வேற மாதிரி ஒட்டுது. அந்த ஏற்பிக்கு ரெண்டு சங்கிலி. முதல்ல பீட்டா சங்கிலி, அது ஒழுங்கா அமைஞ்சா செல்லு நிறைய பெருகி சிடி4, சிடி8ங்கிற ரெண்டு புரதத்தையுமே மேல போட்டுக்கும், பெறகு ஆல்ஃபா சங்கிலி. வெட்டி ஒட்டுறது குருட்டாம்போக்குலதான் நடக்குது, எந்தக் கிருமி வரும்னு உடம்புக்கு முன்கூட்டியே தெரியாதே, அதனால விதவிதமா செஞ்சு வச்சா எந்தக் கிருமி வந்தாலும் ஏதாவது ஒண்ணுக்குத் தோதாப்படும்.

குருட்டாம்போக்குல செஞ்சா எதுக்கும் ஒதவாததுதான் நிறைய வரும் இல்லையா, இங்கதான் அந்த 95 விழுக்காடு. டி செல்லு கிருமியை நேரா பாக்காது, நம்ம செல்லுங்க எம்ஹெச்சிங்கிற புரதத்துல ஒரு துண்டை வச்சு காட்டினாத்தான் பாக்கும். அதனால தைமஸோட வெளிப் பகுதியில முதல் சோதனை, நம்ம எம்ஹெச்சியை லேசாவாவது தொட முடியுதா? தொட முடியாத செல்லுக்கு உயிரோட இருன்னு சொல்ற சைகை கிடைக்காது, மூணு நாலு நாள்ல தானா செத்துடும். செத்துப்போறதுல ரொம்பப் பெரிய பங்கு இதுதான், யாரும் அதைக் கொல்றதில்ல. தோட்டத்து நெர்சரியில செம்பனைக் கன்னுல குட்டையானது, இலை முறுக்கினதுன்னு பாத்து கழிச்சுட்டு மத்ததைத்தான் பீல்டுல நடுவாங்க, அதுமாதிரி வச்சுக்கோங்க, என்ன, நெர்சரியில கழிக்கிறது கொஞ்சம், இங்க மிஞ்சுறதுதான் கொஞ்சம். பாஸானதுல எம்ஹெச்சி முதல் வகையைத் தொட்டது சிடி8 மட்டும் வச்சிருக்கிற டி செல் ஆகும், ரெண்டாம் வகையைத் தொட்டது சிடி4 மட்டும் வச்சிருக்கிற டி செல் ஆகும்.

சிப்புட்_சித்தி:

ரொம்ப நன்றி செல்விம்மா, படிச்சு அக்காகிட்ட சொன்னேன். அவ ஒண்ணு கேக்குறா, ஒதவாதது தானா சாகுதுன்னா, நம்ம உடம்பையே கடிக்கிற செல்லு வந்தா அதை யாரு பாக்குறது?

தாப்பா_டீச்சர்:

நல்ல கேள்விம்மா, நான் எஸ்டிபிஎம் உயிரியல் டியூசன் எடுக்குறவன், பிள்ளைங்க ஆகக் கூடுதலா குழம்புற எடமே இதுதான்.

முதல் சோதனையில பாஸான செல்லு சிசிஆர்7ங்கிற ஏற்பியைப் போட்டுக்கிட்டு உள் பகுதிக்கு நகரும். அங்க இருக்கிற செல்லுங்ககிட்ட ஏயர்னு ஒரு ஜீன் வேலை செய்யுது, அது என்ன பண்ணுது தெரியுமா, கணையத்துல மட்டும் வரவேண்டிய இன்சுலினை, இன்னும் வேற வேற உறுப்புல மட்டும் இருக்க வேண்டிய புரதங்களை எல்லாம் தைமஸுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா செய்ய வைக்குது. நெஞ்சுக்குள்ள ஒரு மூலையில உக்காந்துகிட்டு உடம்பு முழுக்க என்னென்ன இருக்குன்னு புது செல்லுக்குக் காட்டுற ஏற்பாடு இது, எத்தனை வருஷம் பாடம் நடத்தினாலும் எனக்கு இந்த எடம் வந்தா ஒரு சிலிர்ப்பு. அதை இறுக்கமா புடிக்கிற செல்லைத்தான் உண்மையிலேயே சாகடிக்கிறாங்க. சிலதை சாகடிக்காம ஃபாக்ஸ்பி3 ஜீனை முடுக்கி, மத்த டி செல்லை அடக்கி வைக்கிற காவல் செல்லா மாத்திடும், இந்தக் காவல் செல்லைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2025ல சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூணு பேருக்கும் நோபல் கொடுத்தாங்க. ஏயர் ஜீன் பழுதா பொறந்த பிள்ளைங்களுக்கு சொந்த செல்லே பாராதைராய்டு, அட்ரீனல் எல்லாத்தையும் தாக்கிடும், அதுலேர்ந்தே இந்த ரெண்டாவது சோதனை எவ்ளோ முக்கியம்னு தெரியும்.

இன்னொண்ணும் அக்காகிட்ட சொல்லுங்க. தைமஸுக்கு வேலை இருக்குன்னு காட்டினது ஜாக் மில்லர், 1961ல, லண்டன்ல. அதுக்கு முன்ன வளர்ந்த எலியில எடுத்துப் பாத்தவங்களுக்கு பெரிய வித்தியாசம் தெரியல, அதனால அதை ஒரு பொருட்டாவே நினைக்கல. மில்லர் பொறந்த உடனே எலிக்குஞ்சுல எடுத்தாரு, அதுங்க தேஞ்சு போய் செத்துச்சு, வேற இன எலியோட தோலை ஒட்டினாக்கூட எதிர்க்கத் தெரியல. இதைப் படிச்சுட்டு பதறிடாதீங்க. எலிக்குஞ்சு பொறக்குறப்போ வெளிய டி செல்லு ரொம்பக் கொஞ்சம், மனுஷப் பிள்ளைக்கு வயித்துக்குள்ள இருக்கிறப்பவே தைமஸ்லேர்ந்து டி செல்லு ரத்தத்துக்கு வர ஆரம்பிச்சுடும். உங்க பாப்பாவுக்கு 8 மாச சேமிப்பு ஏற்கனவே வெளிய இருக்கு, வெளிய இருக்கிறதும் தானா பெருகிக்கும்.

லேப்_செல்வி:

டீச்சர் சொன்னதுதான், இருதய ஆபரேஷன்ல தைமஸ் எடுத்த பிள்ளைங்களுக்கு புது டி செல்லு எண்ணிக்கை குறையும், ஆனா பெரும்பாலான பிள்ளைங்க சாதாரணமா வளர்றாங்க. முழுசா ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன், 2018ல சுவீடன்ல வந்த ஆய்வுல இப்படி எடுத்தவங்களுக்கு பிற்காலத்துல தைராய்டு குறையிறது, டைப் 1 சக்கரை, தொற்று இதெல்லாம் கூடுதலா இருந்துச்சு. அதுக்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க, இருதயம்தான் முதல்ல.

டாக்டரைப் பாக்குறப்போ அக்காவை இதைக் கேக்கச் சொல்லுங்க. தைமஸ்ல ஒரு பகுதியையாவது விட்டு வைக்க முடியுமா? விட்டா அது திரும்ப வளரவும் வாய்ப்பு இருக்கு. 22க்யூ11 சோதனை, அதாவது 22வது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லாம போயிருக்கான்னு பாக்குற சோதனை, செஞ்சாச்சா? இந்த வகை இருதயக் கோளாறோட, அந்தத் துண்டு இல்லாததால வர்ற டிஜார்ஜ்ங்கிற பிறவிக் கோளாறும் இருக்கிற பிள்ளைங்க உண்டு, அவங்களுக்கு தைமஸே சின்னதாவோ இல்லாமலோ இருக்கும், ரத்தத்துல கால்சியமும் எறங்கும், அப்படி இருந்தா ஏத்துற ரத்தத்தைக்கூட கதிர் காட்டித்தான் ஏத்துவாங்க, அதனால இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

பாப்பாவுக்கு 9 மாசத்துல எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி இருக்கே, அதையும் கேளுங்க, அது உயிருள்ள கிருமி ஊசி, ஆபரேஷன்ல ரத்தம் ஏத்தினா அந்த ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பொருள் ஊசியை வேலை செய்ய விடாது, அதனால தேதியைத் தள்ளுவாங்க. கிளினிக் மிஸ்ஸி அட்டவணைப்படி கூப்பிட்டாலும் ஊசி புக்கை ஆபரேஷன் டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. வீட்டுக்கு அனுப்புறப்போ கொடுக்கிற பேப்பர்ல தைமஸ் எவ்ளோ எடுத்தாங்கன்னு எழுதித் தரச் சொல்லி அந்தப் புக்குலயே சேர்த்து வைங்க, நாளைக்கு வேற டாக்டர் டி செல் எண்ணிக்கை குறைஞ்சிருக்கேன்னு கேட்டா காட்ட வேணும்.