முகவாயில் தையல் போட்டார்கள், பல் பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை

வாடகை மின் ஸ்கூட்டரில் விழுந்து முகத்தில் அடிபட்டவர்களும், கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் வேகமாகப் போகவில்லை. நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் முன்சக்கரம் ஒரு விரிசலில் மாட்டி, வண்டி அங்கேயே நின்றுவிட்டது. அவன் கைப்பிடியைத் தாண்டிப் போய்த் தரையில் முகவாய் மோத விழுந்தான். உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி நொடி வரை கைப்பிடியை விடாமல் பிடித்திருக்கிறான். மொத்த அடியையும் முகவாய்தான் வாங்கியிருக்கிறது.

எமர்ஜென்சியில் காயத்தைக் கழுவித் தையல் போட்டார்கள். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சரி, தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் காது வலிக்கிறது என்றான். வாயை மூடச் சொன்னால் கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டின. முன்பற்களுக்கு நடுவே நாக்கு நுனி தெரியும் அளவு இடைவெளி.

வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் போனபோதுதான், காதுக்கு முன்னால் தாடை மூட்டு இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அப்புறம் மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் கம்பி கட்டி, ரப்பர் போட்டு வாயைப் பூட்டினார்கள். சாப்பாடெல்லாம் உறிஞ்சிக் குடிப்பதுதான். வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்ட வேண்டும் என்பதால், ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். தையல் போட்ட அன்றே யாராவது “கடித்துக் காட்டு” என்று கேட்டிருந்தால் அவன் அந்த ராத்திரி முழுவதும் வலியில் துடித்திருக்க மாட்டான்.

* * *

நான் பல் மருத்துவர். தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தபோது இதே மாதிரி நிறையப் பேரைப் பார்த்தேன். கீழ்த்தாடை லாடம் போல வளைந்த எலும்பு. நடுவில் அடி விழுந்தால் விசை இரண்டு முனைக்கும் ஓடும். மூட்டுக்குக் கீழே கழுத்துப் பகுதி மெலிந்திருப்பதால் அங்கே முறியும். வெளியே தெரிவது முகவாய்க் காயம் மட்டும்தான்.

முகவாய் கிழிந்து வந்த எவரையும் கடிக்கச் சொல்லிப் பாருங்கள். பற்கள் பழையபடி பொருந்தவில்லை என்றாலோ, கீழுதடு மரத்திருந்தாலோ, நாக்கின் அடியில் ரத்தம் கட்டியிருந்தாலோ, தாடைக்கென்று தனியாக எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் கேளுங்கள். தலைக்கு எடுக்கும் ஸ்கேனில் கீழ்த்தாடை முழுதாக வராமல் போவது உண்டு.

இந்த வண்டியில் சக்கரம் சின்னது, ஓட்டுபவர் நின்றுகொண்டிருக்கிறார், உடலின் எடை உயரத்தில் இருக்கிறது. சின்னப் பள்ளமே ஆளைத் தூக்கி எறியப் போதும். தென் கலிபோர்னியாவில் 2 மருத்துவமனைகளின் எமர்ஜென்சிக்கு ஸ்கூட்டர் விபத்தால் வந்த 249 பேரைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. ஹெல்மெட் போட்டிருந்ததாகப் பதிவானவர்கள் வெறும் 10 பேர். கட்டாயம் போடுங்கள், மூளைக்கு அதுதான் காப்பு. ஆனால் சைக்கிள் ஹெல்மெட் முகவாயை மறைப்பதில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

* * *

என் தோழிக்கு முன்பல் ஒன்று முழுதாக விழுந்துவிட்டது. நல்லவேளை, கூட இருந்த ஒருவருக்கு விவரம் தெரிந்திருந்தது. வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அப்படியே பல் மருத்துவரிடம் ஓடினோம். ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்கள். பின்னால் வேர் சிகிச்சையும் செய்ய வேண்டி வந்தது. பல் இன்னும் இருக்கிறது. காய விட்டிருந்தாலும், தண்ணீரில் போட்டிருந்தாலும், காகிதத்தில் சுற்றியிருந்தாலும் வேரில் இருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும் என்றார் மருத்துவர். பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாதாம்.

* * *

குடித்துவிட்டு ஏறுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் நண்பன் ராத்திரி விருந்து முடிந்து ஏறினான். போதையில் கையை ஊன்றும் அனிச்சையே மந்தமாகிவிடுகிறது, மூக்கும் கன்னமும்தான் முதலில் போய் மோதின. பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2021இல் வாடகை ஸ்கூட்டர்களின் இரவு வேகத்தை 15 கிலோமீட்டராகக் குறைத்தார்கள், வார இறுதிப் பின்னிரவில் வாடகைக்கு விடுவதையே நிறுத்தினார்கள். வாடகைக்கு எடுக்கும் மொபைல் ஆப்பில் ஒரு எச்சரிக்கை காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். போதையில் இருப்பவன் எச்சரிக்கையைப் படிக்கவா போகிறான்?

அவனுக்குக் கன்ன எலும்பில் பிளேட் வைத்தார்கள். மேலுதடு வரை மரத்துப்போனது இப்போது மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. மூக்கைச் சிந்தக் கூடாது என்று அங்கே ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார்கள். சிந்தினால் முறிந்த இடத்தின் வழியே காற்று கண்ணைச் சுற்றி ஏறி வீங்கிவிடுமாம்.

* * *

என் தரப்பிலிருந்து ஒன்று. தார்ச்சாலையில் தேய்ந்த காயத்தில் கருப்புத் துகள் இருந்தால், அன்றைக்கே மரத்துப்போக ஊசி போட்டுத் தேய்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தோல் மூடிவிட்டால் பச்சை குத்தியது போலப் புள்ளி நின்றுவிடும், அப்புறம் லேசருக்குத்தான் அலைய வேண்டும். எனக்கு நெற்றியில் எடுத்துவிட்டார்கள், மேலுதட்டில் விட்டுவிட்டார்கள். லேசர் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு மறைந்தது என்று சொல்லுங்கள்.