புதுப்பிப்பு: தொடருக்கான பிட்ச் ஆவணம் தயார்

தீயணைப்பு நிலையம் ஒன்றில் நடக்கும் என் தொடர் கதையைத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோக என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். முழு சீசனையும் எழுத வேண்டாம், பைலட் (முதல் எபிசோடு) திரைக்கதையும், தொடரின் கதையையும் கதாபாத்திரங்களையும் விளக்கும் ஆவணமான ஒரு சீரிஸ் பைபிளும் போதும் என்று பெரும்பாலானோர் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

லாக்லைனுக்குத்தான், அதாவது கதையின் சாரத்தைச் சொல்லும் சின்னச் சுருக்கத்துக்குத்தான், அதிக நேரம் பிடித்தது. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதெல்லாம் ஒன்றிரண்டு வாக்கியத்தில் வந்தாக வேண்டும். சினிமா என்றால் அத்தோடு சரி. தொடருக்கு இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும்: அடுத்தடுத்த எபிசோடுகளுக்குப் புதுக் கதை எங்கிருந்து வரும்? மணி அடித்தால் வண்டி கிளம்பியே ஆக வேண்டும் என்பதுதான் என் தொடரில் அந்தப் பதில். அது தெளிவானதும் கதாபாத்திரக் குறிப்புகளும் மாறின. வயது, தோற்றம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, யார் யாரோடு எதற்காக மோதுவார்கள் என்று எழுதினேன். இப்போது படித்தால் ஆட்கள் உயிரோடு தெரிகிறார்கள்.

ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில் பைலட் 60 பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. தயாரிப்பாளரிடம் காட்டுவதற்கான பட ஸ்லைடுகள் சீக்கிரமே முடிந்தன.

அப்புறம், கதை திருடு போகுமே என்று கவலைப்பட்டவர்களுக்கு: பதிப்புரிமை வெறும் யோசனையைப் பாதுகாக்காது, எழுதிய வடிவத்தைத்தான் பாதுகாக்கும். பைலட்டை முழுதாக எழுதி முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது தாளைப் பார்க்காமல் கதை சொல்லிப் பழகுகிறேன். சந்திப்பு முடிந்ததும் மீண்டும் எழுதுகிறேன்.