ஹோட்டலில் ஸாய்ர்யூ கார்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை) கேட்டால் காட்டியே ஆகணுமா?

எடோகாவாக் கரையான்:
ஜப்பானில் இருக்கும் நம்மவர்களின் குழு ஒன்றில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "எந்த ஹோட்டலில் தங்கினாலும் வெளிநாட்டவர் ஸாய்ர்யூ கார்டைக் காட்டியே ஆக வேண்டும், அதுதான் சட்டம், காட்டாவிட்டால் விசாவுக்கே ஆபத்து." கீழே வரிசையாக எல்லோரும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது.

2004 டிசம்பரில் அரசு ஒரு பயங்கரவாதத் தடுப்புத் திட்டம் போட்டது. அதன்படி விடுதித் தொழில் சட்டத்தின் விதிகளைத் திருத்தி, 2005 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தினார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம் நாட்டின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. முகவரி இல்லாதவரிடம்! நீங்களும் நானும் குயாகுஷோவில் (வட்டார நகராட்சி அலுவலகத்தில்) பதிவு செய்து, வரி கட்டி, இங்கேயே குடியிருக்கிறோம். பேரும் முகவரியும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தால் நம் கடமை முடிந்தது. கார்டை நீட்டச் சொல்லும் பிரிவு எண் எது? தெரிந்தவர் சொல்லுங்கள்.

இருபது வருஷம்:
அந்தப் பதிவைப் போட்டவன் நான்தான். குழுவில் என் பேரோடுதான் எழுதினேன், இங்கே வந்து மறைமுகமாகப் பேச வேண்டாம். நான் 2003-ல் இங்கே வந்தவன். நூறு ஹோட்டலாவது தங்கியிருப்பேன், கேட்ட இடத்தில் எல்லாம் காட்டியிருக்கிறேன். பத்து விநாடி வேலை. கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமா இல்லையா? வைத்திருக்காவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டா இல்லையா? அப்புறம் காட்டுவதில் என்ன கௌரவம் குறைகிறது தம்பி?

எடோகாவாக் கரையான்:
முதலில், நான் உங்கள் தம்பி இல்லை. எனக்கு 46 வயது.

இரண்டாவது, வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு. குடிவரவுச் சட்டம் 23-ஆம் பிரிவைப் படியுங்கள். யார் கேட்டால் காட்ட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது: குடிவரவு அதிகாரி, போலீஸ், கடலோரக் காவல் அதிகாரி என்று போகிறது. அவர்களும் தங்கள் பணியைச் செய்யும்போதுதான் கேட்கலாம். நாம் கேட்டால் தங்கள் அடையாளச் சான்றை அவர்களும் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஹோட்டல் ரிசப்ஷன் எங்கே இருக்கிறது? நூறு ஹோட்டலில் காட்டினேன் என்பது உங்கள் பழக்கம். உங்கள் பழக்கத்தை எங்களுக்குச் சட்டமாக்காதீர்கள். பிரிவு எண் எது?

ஒசாகாக்காரி:
நான் ஹோட்டல் ரிசப்ஷனிலேயே நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். இரவு பத்தரை மணிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். யாருக்கு இங்கே முகவரி இருக்கிறது, யார் சுற்றுலாவுக்கு வந்தவர் என்று முகத்தைப் பார்த்து எப்படித் தெரியும்? மேனேஜர் "வெளிநாட்டுக்காரர் எல்லோரிடமும் கேட்டுவிடு" என்பார். கேட்காமல் விட்டு, நாளைக்குச் சுகாதார மையத்திலிருந்து வந்து பதிவேட்டைப் பார்த்தால் திட்டு எனக்குத்தான். கரையான் சார் எழுதியிருக்கிற விதி சரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவளும் விசாவில் இருப்பவள்தான்.

எடோகாவாக் கரையான்:
சகோதரி, கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. "இங்கே முகவரி இருக்கிறதா?" என்று எல்லோரிடமும் கேளுங்கள், பதில் சொல்கிறோம். முகத்தைப் பார்த்துத் தெரியாது என்கிறீர்கள். ஆனால் கார்டைக் கேட்பது முகத்தைப் பார்த்துத்தானே? எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஜப்பானியரிடம் ஓட்டுநர் உரிமம் கேட்டார்களா? போன மாதம் கியூஷுவில் ஒரு ஹோட்டலில் கார்டை வாங்கி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தார்கள். அந்தக் கார்டில் என் பிறந்த தேதி, விசா வகை, எப்போது முடிகிறது, என்ன வேலை செய்யலாம் எல்லாம் இருக்கிறது. கார்டு எண்ணும் இருக்கிறது. உண்மையான எண்களைத் திருடியும் போலிக் கார்டு அடிக்கிறார்கள். அந்த ஜெராக்ஸ் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் மனைவியும் பையனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டான், "அப்பா, நம்மகிட்ட மட்டும் ஏன் வாங்கிக்கிட்டாங்க?" என்று. இதற்குப் பத்து விநாடி கணக்கு சொல்கிறார் பெரியவர்.

நாகோயாத் தோழன்:
நம் ஊரில் மட்டும் என்ன வாழுகிறதாம்? ஒரு வெள்ளைக்காரன் மாமல்லபுரத்தில் ரூம் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நம்மவனே லாட்ஜுக்குப் போனால் ஆதார் ஜெராக்ஸ் இல்லாமல் சாவி தர மாட்டார்கள். அங்கே வாயைத் திறக்காதவர்கள் இங்கே வந்து உரிமை பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

எடோகாவாக் கரையான்:
ஊரில் வாயைத் திறக்கவில்லை என்று யார் சொன்னது? அது வேறு விவாதம். அங்கே இருக்கிற விதி அங்கே. இங்கே எழுதி வைத்திருக்கிற விதியைத்தான் கேட்கிறேன். பிரிவு எண்?

குடிமகன்2016:
நான் 2016-ல் ஜப்பான் குடியுரிமை வாங்கினேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். குடியுரிமை வாங்கியதும் ஸாய்ர்யூ கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என்னிடம் கார்டே கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் என் முகம் மாறவில்லையே! ஸ்டேஷன் வாசலில் போலீஸ் நிறுத்துகிறார், "கார்டு" என்கிறார். "நான் ஜப்பானியன், என்னிடம் கார்டு இல்லை" என்றால், கார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஜப்பானியர் அடையாள அட்டை எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் நான் ஜப்பானியன் என்று நிரூபிக்கப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஹோட்டலிலும் இதே கதைதான். பத்து விநாடி என்கிற ஐயா, நான் எதைக் காட்டுவது?

இருபது வருஷம்:
நீங்கள் பாஸ்போர்ட்டையே மாற்றிக்கொண்டவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

குடிமகன்2016:
என்ன சொல்ல வருகிறீர்கள்? வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கே படிக்கிறார்கள். ஓட்டுப் போட வேண்டும் என்று குடியுரிமை எடுத்தேன். ஊருக்குத் துரோகம் செய்ததாகப் பேசுகிறவர்கள் என் அம்மாவின் கடைசிக் காரியத்துக்கு நான் விசா எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும்.

இருபது வருஷம்:
துரோகம் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. நீங்களே போட்டுக்கொண்டீர்கள்.

எடோகாவாக் கரையான்:
அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? 2024 ஜனவரியில் மூன்று பேர் இதே விஷயத்துக்காக டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நிறத்தைப் பார்த்துப் போலீஸ் நிறுத்துகிறது என்பதுதான் வழக்கு. அதில் ஜப்பான் குடியுரிமை வாங்கியவரும் உண்டு. 2021 டிசம்பரில் அமெரிக்கத் தூதரகமே தன் குடிமக்களை எச்சரித்தது. இதெல்லாம் கௌரவப் பிரச்சினை என்று சிரிக்கிறவர்கள் இந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கவில்லை. 1955-லிருந்து இங்கே குடியிருந்த வெளிநாட்டவர் விரல்ரேகை வைத்தார்கள். பெரும்பாலும் கொரியர்கள், பலர் இங்கேயே பிறந்தவர்கள். 1980-லிருந்து ஒவ்வொருவராக "வைக்க மாட்டேன்" என்றார்கள். வழக்கு வந்தது, கைது வந்தது, ஊருக்குப் போனால் திரும்பி வர அனுமதி இல்லை என்றார்கள். அப்படியும் நின்றதால்தான் 1993-ல் நிரந்தரக் குடியிருப்போருக்கும், 2000-ல் மற்றவர்களுக்கும் அந்த முறை ஒழிந்தது. பத்து விநாடி வேலை என்று அவர்கள் விரலை நீட்டியிருந்தால்?

இருபது வருஷம்:
ஒழிந்ததா? 2007 நவம்பர் 20-லிருந்து விமான நிலையத்தில் இரண்டு ஆள்காட்டி விரலையும் வைத்துவிட்டுத்தானே உள்ளே வருகிறீர்கள்? பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வைத்திருக்கிற நானும்தான் வைக்கிறேன். அந்தப் பழைய கொரியக் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் அங்கே நின்று பிரிவு எண் கேட்டீர்களா?

எடோகாவாக் கரையான்:
அங்கே பிரிவு எண் இருக்கிறது, அதனால் வைக்கிறேன், மனசு வலிக்க வைக்கிறேன். ஹோட்டலில் இல்லை, அதனால் காட்ட மாட்டேன். இதில் என்ன குழப்பம் உங்களுக்கு?

நாகோயாத் தோழன்:
பேசிப் பேசித்தான் எல்லாம் இறுகுகிறது. 2024 ஜூனில் பி.ஆர். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், வேண்டுமென்றே வரி கட்டாதவரின் பி.ஆரைப் பறிக்க வழி செய்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் விசா நீட்டிப்புக் கட்டணம் 4,000-லிருந்து 6,000 யென் ஆனது. அக்டோபரில் தொழில் விசாவுக்கு மூலதனம் 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென். கறிக்கடை வைக்கலாம் என்று என் மச்சான் சேர்த்த காசு அப்படியே நிற்கிறது. இந்த நேரத்தில் கவுண்டரில் நின்று சண்டை போட்டால் பாதிப்பு எல்லோருக்கும்தான்.

எடோகாவாக் கரையான்:
உங்கள் மச்சானுக்கு நடந்தது அநியாயம், மனசார வருந்துகிறேன். ஆனால் அது ஹோட்டலில் யாரோ கார்டு காட்டாததால் வந்ததா? வெளிநாட்டவர் எண்ணிக்கை 2024 கடைசியில் 37 லட்சத்தைத் தாண்டியது, அரசியல் சூடாகிவிட்டது. நாம் குனிந்தால் கட்டணம் குறையுமா?

புதுமுகம்:
வணக்கம், நான் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை ஹிரோஷிமா போகிறேன், ரூம் போட்டாயிற்று. நான் கார்டைக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? பயமாக இருக்கிறது.

எடோகாவாக் கரையான்:
பயப்படாதீர்கள். கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், போலீஸ் கேட்டால் தேவை. ஹோட்டல் படிவத்தில் உண்மையான முகவரியை எழுதுங்கள், பொய் எழுதினால் அதற்குத் தண்டனை உண்டு. கேட்டால் "நிஹோன் நி ஜூஷோ கா அரிமாஸு" என்று சொல்லுங்கள், ஜப்பானில் முகவரி இருக்கிறது என்று பொருள். அவ்வளவு போதும்.

ஒசாகாக்காரி:
சொல்லும்போது சிரித்த முகமாகச் சொல்லுங்கள் தம்பி. பெரும்பாலும் விட்டுவிடுவோம். விடாவிட்டால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணிடம் குரலை உயர்த்தாதீர்கள்.

இருபது வருஷம்:
புதுமுகம், இவர் பேச்சைக் கேட்டு நடு ராத்திரியில் பெட்டியோடு தெருவில் நிற்காதே. காட்டிவிட்டுப் போய்த் தூங்கு. இவர் யார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் விழாவுக்கு ஹால் வாடகைக் கணக்கில் ரசீது எங்கே, ரசீது எங்கே என்று கேட்டு நல்ல விழாவைக் கெடுத்தவர் இவர்தான். அன்றைக்கு ரசீது, இன்றைக்குப் பிரிவு எண்.

எடோகாவாக் கரையான்:
ஆமாம், நான்தான் கேட்டேன். 180 குடும்பம் ஆளுக்கு 3,000 யென் கொடுத்த பணம் அது. இன்று வரை அந்த ரசீது வரவில்லை, அதை இங்கேயே பதிவு செய்கிறேன். வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

இருபது வருஷம்:
விழாவில் மூன்று நாள் பாத்திரம் கழுவியது யார்? நீங்களா? சாப்பிட்டுவிட்டுக் கணக்குக் கேட்டவர்தானே?

குடிமகன்2016:
பாத்திரம் கழுவியதில் நானும் இருந்தேன். ரசீது வரவில்லை என்பதும் உண்மைதான்.

நாகோயாத் தோழன்:
ஹால் பேச்சை விடுங்கள். அது ஸாய்ர்யூ இல்லை, ஜாய்ர்யூ. நாலு வருஷம் மொழி படித்தவன் சொல்கிறேன்.

ஒசாகாக்காரி:
ஸா தான். தினமும் முப்பது முறை சொல்கிற வார்த்தை.

எடோகாவாக் கரையான்:
எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெரியவரே, காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதியது "அதுதான் சட்டம்" என்று. அந்தப் பதிவு இன்னும் குழுவில் இருக்கிறது, இன்றைக்கும் நாலு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். பிரிவு எண்ணைப் போடுங்கள், இல்லையென்றால் பதிவை எடுங்கள்.

இருபது வருஷம்:
எடுக்க மாட்டேன். நான் வரும்போது எனக்கு யாரும் பிரிவு எண் சொல்லித் தரவில்லை. அடங்கி நடந்தேன், இன்றைக்கு பி.ஆர். இருக்கிறது, வீடு இருக்கிறது.

எடோகாவாக் கரையான்:
எனக்கும் இருக்கிறது. பிரிவு எண் எது?