அம்மாவுக்கு வாசிக்க வசனங்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. அப்பா போய் நாலு மாதம். அம்மா இன்னமும் விடிய நாலரைக்கு எழும்பி ரெண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றுகிறார்; ஒன்று ஆறிப்போய்க் கிடக்கும். கண்ணில் வெண்புரை என்பதால் வேதாகமத்தை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

புலம்பல் 3:22, 23ஐத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எருசலேம் அழிந்த துயரத்தின் நடுவில்தான், கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி, ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்று வருகிறது. எத்தனையோ தரம் இடம்பெயர்ந்த மனுசிக்கு அது விளங்கும்தானே. நேற்று 2 கொரிந்தியர் 12:9 வாசித்தேன். தன்னை முள்ளாய்க் குத்திய வேதனை நீங்கவேண்டும் என்று பவுல் மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. கிடைத்த பதில் ‘என் கிருபை உனக்குப் போதும்’. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “திரும்ப வாசி பிள்ளை” என்றார்.

இப்படித் துக்கத்தை மறைக்காமல் நம்பிக்கை தரும் சின்னப் பகுதிகள் தெரிந்தால் சொல்லுங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற தொனி வேண்டாம், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ‘கிருபை’க்குப் பதிலாக ‘அருள்’ என்று வந்தாலும் சரி.

அப்புறம், அடுத்த மாதம் கண் சத்திரசிகிச்சை. அதன்பின் அவரே வாசிக்க, பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் யாழ்ப்பாணத்தில் எங்கே வாங்கலாம்?