வீட்டு முற்றத்தில் வகுப்புப் பலகை: நகராட்சி எடுக்கச் சொல்ல முடியுமா?

வீணைவீடு:
வணக்கம். டல்லஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் சொந்த வீடு. மனைவி வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுக்கிறார். முன்புறப் புல்வெளியில் 18க்கு 24 அங்குல பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இரண்டு கம்பிக் கால்களில் ஊன்றினோம். ‘வீணை வகுப்பு’, கீழே தொலைபேசி எண், அவ்வளவுதான். மூன்று வாரம்கூட ஆகவில்லை, கதவிடுக்கில் மஞ்சள் நோட்டீஸ்: 10 நாட்களுக்குள் எடுக்காவிட்டால் அபராதமாம். எதிர்வீட்டில் இரண்டு தேர்தல் பலகைகள், பக்கத்து வீட்டில் ‘விற்பனைக்கு’ பலகை. அவற்றை யாரும் தொடவில்லை. என் நிலம், என் பலகை. பேச்சுரிமை எங்களுக்கு மட்டும் கிடையாதா? வழக்குப் போடலாமா?

மிசௌரிக்காரன்:
தாராளமாகப் போடுங்கள் சார்! எங்கள் பக்கத்தில், செயின்ட் லூயிஸ் புறநகரான லடூவில், மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி வளைகுடாப் போருக்கு எதிராக மாடி ஜன்னலில் ஒரு தாள் ஒட்டினார். வெறும் 8.5க்கு 11 அங்குலம். நகராட்சி தடுத்தது. 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. சொந்த வீட்டில் பலகை வைப்பது அத்தனை பெரிய உரிமை.

ஷரத்து:
சற்றுப் பொறுங்கள். நான் டெக்சஸ் வழக்கறிஞர் அல்லன், சட்டம் படித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். கில்லியோவின் தாள் போரைப் பற்றியது, உங்கள் அட்டை தொழிலைப் பற்றியது. வணிகப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் ஒரு படி குறைவு. 1980இல் உச்ச நீதிமன்றம் தந்த சென்ட்ரல் ஹட்சன் தீர்ப்புப்படி, கட்டுப்பாட்டுக்குக் கனமான பொதுநலக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு அது நேராக உதவ வேண்டும். தேவைக்கு மீறிப் போகக் கூடாது. அதற்கும் முன்பே, 1977இல், நியூஜெர்சியின் வில்லிங்பரோவில் ‘விற்பனைக்கு’ பலகைகளுக்கு விதித்த தடை செல்லாமல் போனது. ஆகவே நகராட்சி நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது.

எதிர்வீட்டுப் பலகை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். அரிசோனாவின் கில்பர்ட் ஊரில் ஒரு சிறிய தேவாலயம், ஆராதனைக்கு வழிகாட்டும் பலகையை 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த 1 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. அளவு 6 சதுர அடிக்குள். அரசியல் பலகைக்கோ சில இடங்களில் 32 சதுர அடி வரை அனுமதி இருந்தது. எழுதியிருப்பதைப் பார்த்துச் சலுகை தருவது கூடாது என்று 2015இல் அந்த விதியை நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதே தீர்ப்பில், அளவு, பொருள், விளக்கு, அசையும் பாகங்கள் ஆகியவற்றுக்கு விதி போடலாம் என்றும் இருக்கிறது. அதைப் பலரும் படிப்பதில்லை. அது வணிகப் பலகை வழக்கும் அல்ல.

2022இன் ஆஸ்டின் வழக்கு பெரிய விளம்பரப் பலகைக்காரர்களுடையது. தொழில் நடக்கும் இடத்திலேயே உள்ள பலகை, வேறிடத்தில் உள்ள பலகை என்று பிரிப்பது மட்டுமே உள்ளடக்கப் பாகுபாடு ஆகாது என்று நீதிபதிகள் 6க்கு 3 என்ற கணக்கில் சொன்னார்கள். உங்கள் வகுப்பு வீட்டிலேயே நடப்பதால் அதில் உங்களுக்குத் தொல்லை இல்லை.

வழக்கு இருக்கட்டும். நோட்டீஸில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது? பலகை எங்கே ஊன்றியிருந்தது? டேப் எடுத்து அளந்து சொல்லுங்கள்.

ரவுண்ட்ராக் மீனா:
அனுப்பியது நகராட்சிதானா என்றும் பாருங்கள் அண்ணா. எங்களுக்கு வந்தது குடியிருப்புச் சங்கத்தின் கடிதம். அவர்களிடம் பேச்சுரிமை செல்லாது. அது அரசைத்தான் கட்டுப்படுத்தும். வீடு வாங்கும்போது சங்க விதிகள் அடங்கிய அந்தக் காகிதக் கட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்தானே!

வீணைவீடு:
நகராட்சிதான் மீனா. நோட்டீஸில் இரண்டு பிரிவுகள் எழுதியிருக்கின்றன. அளந்தேன், முகம் சிவந்துவிட்டது. நடைபாதைக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே இருக்கும் புல்பட்டையில் ஊன்றியிருக்கிறேன். புல் வெட்டுவது நான். ஆனால் அது சாலைக்கான ஒதுக்கு நிலமாம், அங்கே பலகை கூடாது என்பது முதல் பிரிவு. இரண்டாவது பிரிவு, வீட்டுத்தொழில் பலகைக்கு 1 சதுர அடி, அதுவும் சுவரோடு ஒட்டி. என்னுடையது 3 சதுர அடி.

ஷரத்து:
முதல் பிரிவில் வாதாட இடமே இல்லை. பொதுச் சொத்தில் தேர்தல் பலகையைக்கூட நகரம் தடுக்கலாம் என்று லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் 1984லேயே சொல்லியாகிவிட்டது. இரண்டாவதை வேண்டுமானால் எதிர்க்கலாம். வழக்கறிஞர் கட்டணத்தில் இன்னொரு வீணை வாங்கிவிடலாம்.

வீணைவீடு:
அட்டையைப் பிடுங்கிவிட்டேன். கதவருகே 12க்கு 12 அங்குலப் பலகை மாட்டியாயிற்று. நகராட்சி அலுவலர் வந்து பார்த்து, கோப்பை மூடிவிட்டார். வீணைப் படம் வைத்ததில் தொலைபேசி எண்ணுக்கு இடமில்லை. படிக்க வேண்டுமானால் வாசற்படி ஏறி வர வேண்டும். ஏறி வந்தவர் அழைப்பு மணியையே அழுத்திவிடலாம் என்கிறார் மனைவி.