ஸ்டீராய்டு ஹார்மோன் கூடினா வேர் ஏன் குட்டையாகுது?

பச்சைமூளை:
செடியோட ஸ்டீராய்டு ஹார்மோனான பிராசினோஸ்டீராய்டு வளர்ச்சி ஹார்மோன்னுதான் எல்லா புக்லயும் போட்டிருக்கு. அது இல்லாத அராபிடாப்சிஸ் (லேப்ல வளர்க்கற சின்னச் செடி) மியூட்டன்ட், அதாவது ஜீன் மாறுன செடி, குள்ளமா, கரும்பச்சையா சுருண்டு கெடக்கும், அதுவரைக்கும் புரியுது. ஆனா செடி வளர்க்கற சத்துக்கலவையான மீடியாவுல இந்த ஹார்மோன 100 நானோமோலார் கலந்து வளர்த்தா வேர் நீளாம குறுகிப்போகுது. அளவு மாத்தி கலந்துட்டேனோன்னு திரும்பவும் பண்ணிப் பாத்தேன், அதே கதைதான். இதென்ன கூத்து? எவ்ளோ வச்சுக்கணும்னு செடிக்கு எப்படித் தெரியும்?

வேர்முடிச்சு:
நீங்க தப்பு பண்ணல, அப்படித்தான் வரும். வேர் முழுக்க ஒரே அளவு ஹார்மோன் இருக்கறதில்ல. நுனில செல் பிரியுற பகுதியான மெரிஸ்டெம்ல கம்மி, அதுக்கு மேல செல் நீள்ற பகுதில நிறைய. நீங்க வெளிய இருந்து ஊத்துனதும் இந்த ஏத்த இறக்கமே போயிடுது, இன்னும் சில தடவ பிரிய வேண்டிய செல்லெல்லாம் அவசரப்பட்டு நீள ஆரம்பிச்சு மெரிஸ்டெம் சுருங்கிடும், அப்புறம் புது செல்லுக்கு எங்க போறது. சுத்தமா இல்லாட்டியும் வம்பு, பிரியறதே மந்தமாயிடும்.

பச்சைமூளை:
சரி, கூடுதலா இருக்கறத இலைப்பக்கம் அனுப்பிட வேண்டியதுதானே, தூரமா போற ஆக்சின் ஹார்மோன் மாதிரி?

இலைச்சாறு:
அங்கதான் விஷயமே. இது ரொம்ப தூரம் போகாது. பட்டாணில இந்த ஹார்மோன் சரியா தயாரிக்காத குள்ள மியூட்டன்ட்டையும் நார்மல் செடியையும் ஒட்டு போட்டு பாத்துட்டாங்க, நார்மல் வேர் கொடுத்தும் குள்ளத்தண்டு குள்ளமாவே இருந்துச்சு. ஆக, அங்கங்க செஞ்சு அங்கங்க செலவு பண்ணணும்.

கண்ட்ரோல் இப்படி: ஹார்மோன புடிச்சு சிக்னல் கொடுக்கற ரிசெப்டர் பிஆர்ஐ1 செல்லோட மேல்சவ்வுல உக்காந்திருக்கும் (நம்ம ஸ்டீராய்டு ரிசெப்டர்கள் பெரும்பாலும் செல்லுக்கு உள்ள). ஹார்மோன் ஒட்டுனா பின்2ங்கற கைனேஸ் (மத்த புரதத்துல பாஸ்பேட் ஒட்டுற என்சைம்) அடங்கும், அது புடிச்சு வச்சிருந்த பீஇசட்ஆர்1ங்கற புரதம் நியூக்ளியஸுக்குள்ள போயி ட்வார்ஃப்4, சிபிடி மாதிரி ஹார்மோன் தயாரிக்கிற ஜீன்களையே அமுக்கிடும். இன்னொரு பக்கம் பாஸ்1 என்சைம் இருக்கற ஹார்மோனையும் செயலிழக்க வச்சிடும். டேங்க் நிரம்புனா மோட்டாரும் நிக்கும், அடில குழாயும் தொறக்கும்.

வேர்முடிச்சு:
ஆனா அது மட்டும்னா சிக்னல் வாங்குற செல்லு தானே தயாரிப்ப நிறுத்திக்கும், பிரியுற செல்லுக்கு வேணுங்கற ஹார்மோன் எங்கேர்ந்து வரும்? 2025ல செல் ஜர்னல்ல வந்த பேப்பர் இதத்தான் புடிச்சுது. மெரிஸ்டெம்ல ஒரு செல் ரெண்டாகும்போது பங்கு சமமா போறதில்லயாம், ஒண்ணு சிக்னல் நல்லா வாங்கும், சிக்னல் கம்மியா உள்ள மத்தது ஹார்மோன் தயாரிக்கும். அமுக்கு வர்றது ஒரு வீட்டுக்கு, சமையல் பக்கத்து வீட்டுல. எனக்கு இது ரொம்ப புடிச்சுது.

பச்சைமூளை:
அடடா, அப்போ நான் மீடியாவுல ஊத்துனது ரெண்டு வீட்டுக்குள்ளயும் வெள்ளம் விட்ட மாதிரி. அடுத்த தடவ நானோமோலார விட கம்மில ஆரம்பிச்சு பாக்குறேன்.

இலைச்சாறு:
பாருங்க. மீடியாவுல நைட்ரஜன் எவ்ளோனும் குறிச்சு வைங்க, அது லேசா கொறைஞ்சாலே செடி இந்த ஹார்மோன் தயாரிப்ப ஏத்தி வேர நீட்டும், அப்புறம் உங்க ரிசல்ட் எதனாலன்னே தெரியாது.