மறு: அசைல்காவிப் புரதத்தில் நடப்பது 'செயற்படுத்தலா', 'கைபூட்டலா'?

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். கொழுப்பமிலம் போன்றவை கட்டப்படும்போது வளரும் சங்கிலியைச் சுமந்து செல்லும் புரதம் (acyl carrier protein) பற்றிச் சம்மாந்துறையிலிருந்து தங்கை அனுப்பிய கலைச்சொற் பட்டியலைப் பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனாலும் 'தாங்கிப் புரதம்', 'வெற்றுப் புரதம்', 'செயற்படுத்தல்' ஆகிய மூன்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது சுலபம். தாங்கி என்றால் நம் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கிதான் நினைவுக்கு வரும். காவி என்ற சொல் உயர்தர உயிரியலில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டிலும் நெல் மூடையைக் காவிக்கொண்டுதான் போகிறோம். மென்சவ்வில் உள்ள காவிப் புரதத்தோடு குழம்பாமல் இருக்க 'அசைல்காவி' என்று சேர்த்து எழுதினால் போதும்.

இந்தப் புரதத்தை வேலைக்குத் தயாராக்கும் மாற்றத்துக்குத் தங்கை வைத்த 'செயற்படுத்தல்' அப்படியல்ல. அது எதையும் சொல்லாத சொல். வந்தாறுமூலையில் ஒரு மாணவி இதைப் பொஸ்பேற்று ஏற்றம் என்றே எடுத்துக்கொண்டார். செரீன் என்ற அமினோ அமிலத்தில் பொஸ்பேற்று வந்து இணைகிறது என்று படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வெறும் பொஸ்பேற்று ஏறினால் திணிவு ஏறக்குறைய 80 டால்டன் கூடும். இங்கே கூடுவது 340. துணைநொதியம் ஏ (coenzyme A) என்ற சிறு மூலக்கூறிலிருந்து பொஸ்போபாந்தெதைன் பகுதி முழுவதும் கழன்று, மகனீசியம் அயனின் துணையோடு, புரதத்தின் ஒரு குறித்த செரீனில் வந்து மாட்டிக்கொள்கிறது. ஈ. கோலை என்ற பற்றீரியாவின் காவியில் மொத்தம் 77 அமினோ அமிலங்கள். அந்தச் செரீன் 36ஆவது. மாட்டிய பகுதி ஏறக்குறைய 2 நானோமீற்றர் நீளம். அதன் நுனியில் உள்ள கந்தகந்தான் வளரும் சங்கிலியைத் தயோஎஸ்தர் பிணைப்பால் பிடித்து, ஒரு நொதியத்திடமிருந்து அடுத்த நொதியத்திடம் கொண்டுபோகிறது. நுனியால் பிடிக்கிற உறுப்புக்குக் கை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. 'புயம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார், புயம் பிடிக்காது.

ஆகவே 'கைபூட்டல்' என்கிறேன். பூட்டு என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் திறப்பை (சாவியை) தேடக்கூடும். நாம் மின்விசிறி பூட்டுகிறோம், உழவு மெஷினுக்குக் கலப்பை பூட்டுகிறோம். வேறோர் இடத்தில் செய்த பொருளை இன்னொருவர் கொண்டுவந்து பொருத்துவது, தேவையானால் கழற்றக்கூடியது என்ற பொருள் முழுவதும் அந்தச் சொல்லில் இருக்கிறது. இங்கே நடப்பதும் அதேதான். இந்தக் கையைக் கழற்றும் நொதியமும் பற்றீரியாவில் உண்டு. பூட்டுவதைக் 'கைபூட்டு நொதியம்' என்றும் கழற்றுவதைக் 'கைகழற்று நொதியம்' என்றும் சொல்லலாம்.

இனி 'வெற்றுப் புரதம்'. நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். கை பூட்டாத நிலைக்குத் தங்கை இதை வைத்திருக்கிறார். கை பூட்டியும் சுமை ஏறாமல் நிற்கிற காவியும் வெற்றுத்தானே? நிலைகள் இரண்டல்ல, மூன்று: கைபூட்டாக் காவி, வெறுங்கைக் காவி, சுமையேற்ற காவி. 'கையற்ற' என்றும் எழுதிப் பார்த்தேன். கையறுநிலை என்று இலக்கியத்தில் ஊறிப்போன சொல், துயரத்தைக் கொண்டுவந்துவிடும், விட்டுவிட்டேன்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் காவிகளில் சங்கிலியாகக் கட்டப்படும் பல்கீற்றைட்டுச் சேர்மங்களின் பாடமே நடத்த முடியாது. அவ்வகை நுண்ணுயிர்கொல்லி மருந்தான எரித்ரோமைசினின் அடிச்சட்டகத்தைக் கட்டும் மூன்று பெரிய புரதங்களில் ஏழு காவிப் பகுதிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கை பூட்டுப்படாவிட்டாலும் சங்கிலி அந்த இடத்தில் நின்றுவிடும். 2001 இல் அந்தச் சட்டகத்தை ஈ. கோலைக்குள் உண்டாக்கியபோது, பசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பற்றீரியாவின் கைபூட்டு நொதியத்துக்கான மரபணுவையும் கூடவே சேர்க்கவேண்டியிருந்தது. ஈ. கோலையின் சொந்த நொதியம் அந்நியக் காவிகளுக்குச் சரியாகக் கை பூட்டாது. பசிலஸ் நொதியமோ காவி எதுவென்று அதிகம் பார்ப்பதில்லை. நிறமி ஒட்டிய செயற்கைக் கையைக் கொடுத்தாலும் பூட்டிவிடும். அதற்கு 'மாற்றுக்கை' என்று வைக்கலாமா? எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை; வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கட்டுரைகளில் முதல் முறை 'பொஸ்போபாந்தெதைன் கை' என்று முழுதாக எழுதி, பிறகு கை என்றே தொடரலாம். மறுப்பு உள்ளவர்கள் இந்தக் கிழமைக்குள் எழுதினால், பட்டியலைத் திருத்தி அடுத்த மடலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து